நடப்பதும் ஓடுவதும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருள்கள்



ஆங்கில மொழியைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஓர் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்திலேயே விளக்கும்போது நம் கண்ணுக்குப் படாமல் நழுவும் பல செய்திகள், தமிழில் விளக்க உட்கார்ந்தால் முன்னே வந்து நிற்கும். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வினைச்சொல். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ‘ரன்’.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்கு உரியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதங்களுக்கு மேல் இந்த ஒரு சொல்லோடு மட்டுமே உட்கார்ந்திருந்தார். வினைச்சொல்லாக மட்டும் அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. 2011இல் இது செய்தியாக வெளிவந்தபோது பலரும் வியந்தார்கள். அதற்கு முன்பு அந்தப் பட்டம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். அந்தப் பதிவு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளம், ஒரு சிறு நாவல் அளவு. பிறகு 2000இல் ‘மேக்’ முந்தியது, 2007இல் ‘புட்’ முந்தியது, 2011இல் ‘ரன்’.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எம், பி, ஆர் என்று அகர வரிசையிலேயே பட்டம் கைமாறியிருக்கிறது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியை ஏ-யிலிருந்து தொடங்காமல் எம்-மிலிருந்து தொடங்கினார்கள் என்பதுதான் காரணம். திருத்தம் எந்த எழுத்தை எட்டியதோ அந்த எழுத்தின் பெரிய வினைச்சொல் வீங்கியது. ஆகவே ‘செட்’டை ‘ரன்’ வென்றுவிட்டது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. 645 என்பது, ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட முறையில், பொறுமை மிக்க ஒரு மனிதர் எண்ணிய எண். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட சொற்களின் தொல்லையை முதலில் வெளிப்படையாக எழுதியவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் தம் அகராதியின் முன்னுரையில், வரையறைக்குள் அடங்க மறுக்கும் வினைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். அதில் ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘செட்’, ‘டேக்’ ஆகியவற்றோடு ‘ரன்’னும் இருக்கிறது. ‘டேக்’ ஒன்றுக்கே 130-க்கு மேற்பட்ட பொருள்களை அவர் எழுதினார். அருஞ்சொற்கள் அவரை அவ்வளவாக வருத்தவில்லை. நாள் முழுதும் வாயில் புழங்கும் சொற்கள்தான் வருத்தின.

1879இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரேக்கும் இதே அனுபவம். அவருடைய வேலைமுறையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நூல்களைப் படிக்கும் தன்னார்வலர்கள் நாடெங்கும், கடல் கடந்தும் இருந்தார்கள். படிக்கும்போது கண்ணில் பட்ட சொல்லைச் சிறு தாள்சீட்டின் இடது மேல் மூலையில் எழுத வேண்டும். கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுதாக. இப்படி வந்து குவிந்த சீட்டுகளை வைக்கத் தகரக் கொட்டகை ஒன்று எழுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மாடக்குழிகள் கொண்ட அடுக்குகளை அதில் பொருத்தினார் மர்ரே. சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் போல வந்திருந்தன. எல்லாரும் சொல்லும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. அருமையான சொல்லைக் கண்டால் எடுத்தெழுதும் கை, எளிய சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறது. நம் ஊரிலும் இதே கதைதான். வழக்கிறந்த சங்கச் சொல்லுக்குக் கட்டுரை எழுத ஆள் இருக்கிறது. ‘போடு’ என்ற வினைக்கு யார் எழுதுவார்?

சீட்டுகள் சேர்ந்த பின்தான் உண்மையான வேலை. ஆர் எழுத்து, அகராதியின் இன்னோர் ஆசிரியரான வில்லியம் கிரெய்கியின் பொறுப்பில் வந்தது. ஒரு வாக்கியத்தில் குதிரை ஓடுகிறது, இன்னொன்றில் ஆறு ஓடுகிறது, மற்றொன்றில் வதந்தி ஓடுகிறது. ஒத்தவற்றை ஒரு குவியலாகச் சேர்ப்பது, ஒவ்வொரு குவியலையும் ஆண்டு வரிசையில் அடுக்குவது, எந்தக் குவியலிலிருந்து எது கிளைத்தது என்று பார்ப்பது. இதற்கு வாய்ப்பாடு கிடையாது. இரண்டு சீட்டுகளுக்கு இடையில் உள்ள வேறுபாடு புதுப் பொருளா, பழைய பொருளின் நிழலா என்பதைப் படிப்பவரின் காதுதான் தீர்மானிக்க வேண்டும். கில்லிவர் கணினித் திரையில் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான்.

சரி, இந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை பொருள்? எல்லாரும் சொல்லும் விடை, அடிக்கடி புழங்கும் சொல் பல பொருள் பெறும் என்பது. 1945இல் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் இதை ஒரு விதியாகவே எழுதினார்: ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை அதன் புழக்கத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது. அது பொதுவிடை. ‘ரன்’னுக்கென்று தனியாக ஒரு விடை உண்டு. அதைத் தமிழர்களாகிய நாம் மற்றவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்ள முடியும்.

தமிழில் ‘ஓடு’ என்கிறோம், ‘ஓட்டு’ என்கிறோம். தானாக நிகழ்ந்தால் ஓடு. பிறரையோ பிறிதையோ ஓடச் செய்தால் ஓட்டு. தன்வினை, பிறவினை. பழைய ஜெர்மானிய மொழிகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. தானாக ஓடுவதற்கு ஒரு சொல், ஓடச் செய்வதற்கு அதனோடு பிறந்த இன்னொரு சொல், இடையில் ஓர் உயிரெழுத்து வேறுபாடு. இன்றைய ஜெர்மனில் அவற்றின் வழிவந்த ‘ரின்னன்’, ‘ரென்னன்’ என்ற இரு சொற்களும் உயிரோடு இருக்கின்றன. இன்று முன்னது நீர் வழிந்தோடுவதற்கு, பின்னது ஆள் ஓடுவதற்கு. பழைய ஆங்கிலத்திலும் இரண்டு சொற்கள் தனித்தனியே இருந்தன. வைக்கிங்குகள் வந்து குடியேறியபோது அவர்கள் மொழியின் ஒத்த சொற்களும் வந்து கலந்தன. காலப்போக்கில் வடிவ வேறுபாடு தேய்ந்து, எல்லாம் ‘ரன்’ என்ற ஒரே வடிவில் வந்து சேர்ந்தன.

இதன் விளைவைப் பாருங்கள். நாய் ஓடினாலும் ‘ரன்’. ஒருவர் ஓர் இயந்திரத்தை ஓட்டினாலும் ‘ரன்’. ஒரு கம்பெனியை நிர்வகித்தாலும் ‘ரன்’. ஆங்கிலம் ஒரே கணக்கில் எழுதியதைத் தமிழ் இரண்டு பேரேடுகளில் எழுதுகிறது. ‘ஓடு’வின் பொருள்களையும் ‘ஓட்டு’வின் பொருள்களையும் கூட்டிப் பாருங்கள். பஸ் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, கடை நன்றாக ஓடுகிறது, வேர் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, ஒரு வேலையும் ஓடவில்லை, அந்தப் பாட்டு அவன் ரத்தத்திலேயே ஓடுகிறது. மறுபக்கம் ஏர் ஓட்டுகிறார், வண்டி ஓட்டுகிறார், பொழுதை ஓட்டுகிறார், இந்தச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறார், நண்பனைக் கேலி செய்து ஓட்டுகிறார்கள். நம் சொல்லும் ஏழைச் சொல் இல்லை. மர்ரேயின் தன்னார்வலர்களைப் போல நமக்குச் சீட்டு எழுதியவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். காலால் ஓடுவதுதான் ‘ரன்’னின் சொந்தப் பொருள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்த அணி வழக்கு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பழைய ஆங்கிலத்திலேயே மனிதரும் விலங்கும் ஓடியதைப் போலத் தண்ணீரும் இந்தச் சொல்லால்தான் ஓடியது. ஆங்கிலத்தில் மூக்கு ‘ரன்’ ஆகிறது, குழாய் ‘ரன்’ ஆகிறது, துவைத்த துணியின் சாயம் ‘ரன்’ ஆகிறது. இவை யாவும் நீரோட்டத்தின் பிள்ளைகள். காலோட்டத்தோடு இவற்றுக்கு நேர் உறவு தேட வேண்டியதில்லை. தமிழ் இந்த மூன்றையும் தனித்தனியே கவனிக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, சாயம் போகிறது. ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. மணற்கடிகாரத்தின் மேற்குடுவையிலிருந்து மணல் ஓடி முடிவதை மனக்கண்ணில் பார்த்தால் அந்தப் பொருள் எளிதில் விளங்கும். கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ முற்றிலும் வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போது அவுட்.

கடலோடிகள் இந்தச் சொல்லை வெகுவாக வளர்த்தார்கள். காற்றுப் போக்கில் கப்பல் ஓடும், தரைதட்டும், முற்றுகையை மீறி ஓடும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கள்ளச்சாராயம் கடத்திய படகுக்காரர்களுக்கு ‘ரம் ரன்னர்’ என்று பெயர். கடலுக்குப் பிறகு நீராவி. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தில் ஓடிய எஞ்சின், நின்ற இடத்தில் சுழலும் எஞ்சின், ஆலை, மோட்டார், கடைசியில் கணினி நிரல் வரை இயங்கும் எல்லாவற்றுக்கும் ‘ரன்’தான். கணினி நிரல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதில்லை, இருந்தும் ஓடுகிறது. இந்தச் சொல்லின் பெருக்கத்தில் இயந்திர யுகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நம் ‘ஓடு’வும் இதே வழியில் போயிருக்கிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது. இன்று ஃபேன் ஓடுகிறது, டிவி ஓடுகிறது, ஏசி ஓடுகிறது.

இரண்டு மொழிகளும் சேர்ந்து போகும் இடங்களைவிடப் பிரியும் இடங்கள்தான் எனக்குச் சுவையாக இருக்கின்றன. லண்டனில் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகம் 1952 நவம்பரில் தொடங்கி 2020 மார்ச் வரை இடைவிடாமல் ‘ரன்’ ஆயிற்று. தமிழில் நாடகம் ஓடாது. நாடகம் நடக்கும், படம்தான் ஓடும். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளிவந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதை மூன்று தீபாவளி ‘ஓடிய’ படம் என்றுதான் சொல்வோம், ‘நடந்த’ படம் என்று யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தையும் கம்பெனியையும் ஆங்கிலேயர் ‘ரன்’ செய்கிறார், நாமோ நடத்துகிறோம். நட என்பதன் பிறவினை நடத்து. ஆங்கிலம் ஓட்டுகிற இடத்தில் தமிழ் நடக்க வைக்கிறது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். அதே ஆங்கிலம் பேசும் பிரிட்டனில் வேட்பாளர் நிற்கிறார். தமிழ் வேட்பாளரும் நிற்கிறார். அதே மாதிரி, பெண்கள் அணியும் நீண்ட காலுறையில் இழை விட்டுக் கோடு விழுந்தால் அமெரிக்கருக்கு அது ‘ரன்’. ஆங்கிலேயருக்கு அது ஏணி.

கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம் மக்களில் ஆங்கிலம் படிக்காதவரும் அறிந்த ‘ரன்’ அதுதான். பழைய காலத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் கணக்காளர் ஒரு குச்சியில் வெட்டுக்குறி போடுவார். அந்தக் குறிக்குத்தான் முதலில் பெயர் இருந்தது, ஓட்டத்துக்கு அல்ல. பிறகு ஓடிய ஓட்டமே கணக்கின் பெயர் ஆயிற்று. பிறகு எல்லைக்கோடு வந்தது; பந்து அதைத் தாண்டினால் ஒருவரும் ஓடாமலே நான்கு ரன். வைடு போனால் மட்டை பந்தில் படாமலே ஒரு ரன். சொல்லுக்குள் இருந்த செயல் முழுதாக வெளியேறிவிட்டது, சொல் அசையவில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன, நம் பத்திரிகைகள் ‘ரன்கள்’ என்கின்றன. ஆறு ‘ஓட்டங்கள்’ எடுத்து ஓடாமல் நிற்கும் மட்டையாளரை யாழ்ப்பாணத்து வாசகர் எந்தக் குழப்பமும் இன்றிப் புரிந்துகொள்கிறார்.

வங்கியிலும் ஒரு ‘ரன்’ உண்டு. போட்ட பணம் போய்விடுமோ என்ற அச்சத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து திருப்பிக் கேட்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். அது ஓட்டம், ஆனால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். 2023 மார்ச் 9 அன்று கலிபோர்னியாவின் சிலிக்கன் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. கணினியிலும் கைபேசியிலும் வேலை முடிந்தது. அதற்கும் பெயர் ‘ரன்’தான். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. வங்கியை மக்கள் மொய்த்தார்கள், பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள் என்று விவரித்துவிட்டுப் போகிறோம். முண்டியடிக்கக் கூட்டமே இல்லாத 2023க்கு அந்த விவரிப்பும் பொருந்தவில்லை.

இத்தனை பொருள்களுக்கு நடுவில் கேட்பவர் எப்படித் தடுமாறாமல் போகிறார்? இந்தக் கேள்வியைத் தொல்காப்பியர் எழுப்பி விடையும் சொல்லியிருக்கிறார். கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பேசுமிடத்தில், அதன் பொருள் எதனால் தெளிவாகும் என்பதற்கு மூன்று துணைகளைச் சொல்கிறார்: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மாமரமா, குதிரையா, வேறு விலங்கா? மா பூத்தது என்றால் வினையால் மரம் என்று தெரிகிறது. மாவும் மருதும் வளர்ந்தன என்றால், பக்கத்தில் நிற்கும் மருதின் இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் மாவைக் கொண்டு வா என்றால் அது குதிரை. அங்கே வாக்கியத்துக்குள் துணை இல்லை, அவன் நிற்கும் கோலம் சொல்லிவிடுகிறது. மூன்றாவது துணையைத் தனியாகப் பிரித்து வைத்தது எவ்வளவு கூர்மையான பார்வை! 1960இல் யெகோஷுவா பார்-ஹில்லல் இயந்திர மொழிபெயர்ப்பு ஏன் தடுமாறுகிறது என்று காட்ட ‘பென்’ என்ற சொல்லை எடுத்தார். ஒரு பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது என்றால் அது எழுதுகோலா, குழந்தை விளையாடும் தடுப்புக்கூடா? எழுதுகோலுக்குள் பெட்டி அடங்காது என்று உலகம் அறிந்தவருக்கே விடை தெரியும். அது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கவசம் அணிந்தவனைக் கண்டு குதிரையைக் கொண்டுவருவதும் இதே அறிவுதான்.

‘ரன்’ விஷயத்தில் தொல்காப்பியரின் வழியை மறுபக்கமாகப் பிடிக்க வேண்டும். ‘மா’வில் பெயர் ஐயத்தில் நின்றது, வினை சாட்சி சொன்னது. ‘ரன்’னில் வினையே ஐயத்தில் நிற்கிறது, அதன் பக்கத்தில் இருக்கும் பெயர் சாட்சி சொல்கிறது. மூக்கு வந்தால் ஒழுகு, பள்ளிக்கூடம் வந்தால் நடத்து, தேர்தல் வந்தால் நில், காய்ச்சல் வந்தால் அடி, மணற்கடிகாரம் வந்தால் தீர்.

இப்போது எண்ணுக்குத் திரும்புவோம். ஆக்ஸ்போர்டு 645 என்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்ற சொற்களஞ்சியம் அதே வினைக்கு 41 பொருள்கள் தருகிறது. இரண்டும் நேர்மையான வேலை, இரண்டும் ஒரே மொழி. 1997இல் ஆடம் கில்கரிஃப் என்ற பிரிட்டிஷ் அறிஞர், சொற்பொருள்களில் தமக்கு நம்பிக்கை இல்லை என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருள்கள் சொல்லுக்குள் எண்ணி வைக்கப்பட்டிருக்கவில்லை. வாக்கியங்களைக் குவியலாகச் சேர்க்கும் வேலையில் பிறக்கின்றன. எந்தப் பயனுக்காகச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் குவியல் கூடும், குறையும் என்பது அவர் வாதத்தின் சாரம். நான் அவர் பக்கம். 645ஐ வியக்கலாம், மனப்பாடம் செய்யக் கூடாது. கற்க வேண்டியது, எந்தச் சொல்லோடு சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை.

ஆனால் நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது? ஒரு மாணவியின் நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல். ‘ரன்’ என்றால் ஓடு. அந்த மாணவி முதலாண்டு பொருளியல் பாடத்தில் வங்கி ‘ரன்’னைப் படிக்கும்போது, வங்கி எங்கே ஓடுகிறது என்று தவிக்கிறாள். கேட்கக் கூச்சம், ‘ரன்’ தெரியாதா என்று சிரிப்பார்களே! அருஞ்சொல் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டத் தோன்றும். தெரிந்த சொல்லுக்கு யார் அகராதி புரட்டுவார்கள்? தமிழ்வழியில் படித்து வரும் நம் பிள்ளைகளை ஆங்கிலம் மடக்குவது கடினமான சொற்களால் அல்ல, இப்படிப்பட்ட எளிய சொற்களால் என்று இத்தனை காலம் வகுப்பெடுத்தபின் உறுதியாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை அகராதியைப் புரட்டினாலும், நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பலவற்றில் ஓடு, செல், நடத்து, பாய், ஒழுகு என்று காற்புள்ளியிட்ட ஒரு வரிசைதான் கிடைக்கிறது. எது எதோடு சேரும் என்ற குறிப்பு இல்லை.

வேறு வழி உண்டு என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த ‘கோபில்ட்’ அகராதி, உண்மையில் பேசியும் எழுதியும் வழங்கிய வாக்கியங்களைக் கணினியில் சேர்த்து, பொருளை முழு வாக்கியமாகவே விளக்கியது. தமிழில் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அதே கவனத்தோடு ஒரு நூல் வேண்டும். முப்பதே முப்பது வினைச்சொற்கள் போதும்: ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘புட்’, ‘கெட்’ போன்றவை. ஒவ்வொன்றின் கீழும் பொருள் எண் போடாமல், கூட வரும் சொல்லை வைத்துப் பதிவை அமைக்க வேண்டும். மூக்கு, குழாய், சாயம், கடை, தேர்தல், வங்கி, நாடகம், நிரல் என்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நாம் வாயால் சொல்லும் தமிழ் வினை. பத்திரிகையிலிருந்தோ பாடநூலிலிருந்தோ எடுத்த ஒரு வாக்கியம்.

அதற்கான சீட்டுகளை மூன்றாமாண்டு மாணவர்களே எழுதலாம். ஆங்கில வாக்கியத்தை ஆங்கிலத் துறை மாணவர் எடுத்துக் கொடுக்கட்டும்; அந்த இடத்தில் தமிழ் என்ன சொல்லும் என்பதைத் தமிழ்த் துறை மாணவர் எழுதட்டும். இந்த ஆண்டு ‘ரன்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கும்படி இரு துறைத்தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சீட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது நானும் வந்து உட்காருகிறேன்.